சிங்கப்பூர் ஈசூன் புளோக் தோட்டக் குழு: வெண்டையில் மாவுப்பூச்சி

மீனா: [படம்] வெண்டையைப் பாருங்கள். இலைக்காம்பெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக இருக்கிறது. எறும்பும் சாரை சாரையாக ஏறுகிறது. மாவுப்பூச்சிதானே?

கணேசன்: நான் மன்னார்குடியில் இருக்கிறேன், ஞாயிறு வந்துவிடுவேன். மாமனாரிடம் பருத்திக்கு வாங்கிய மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து மீதி இருக்கிறது. கொஞ்சம் கொண்டு வரட்டுமா? ஒரே அடியில் போய்விடும்.

சாந்தி அக்கா: வேண்டவே வேண்டாம், தம்பி. 2013இல் பீகாரில் பள்ளிச் சத்துணவு சாப்பிட்டு 23 பிள்ளைகள் இறந்தார்களே, அந்தச் சாப்பாட்டில் கலந்திருந்தது இதுதான். காய்கறிக்கு இதை அடிக்க இந்தியாவிலேயே 2005இல் தடை போட்டார்கள்.

சாந்தி அக்கா: வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறோம். இது செடிக்குள்ளே ஊடுருவும் மருந்து. காயைக் கழுவினாலும் போகாது.

ரஹ்மான் பாய்: பயிருக்கு அடிக்கும் மருந்து இங்கே பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். விமானத்திலும் ஏற்ற விடமாட்டார்கள்.

கணேசன்: சின்னத் தோட்டம்தானே பாய்?

சாந்தி அக்கா: சின்னதுதான். ஆனால் மழை பெய்தால் அந்தத் தண்ணீர் லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், இறங்கி லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. சிங்கப்பூர் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு குடிதண்ணீருக்காக மழைநீர் பிடிக்கும் இடம். சுத்திகரிக்கிறார்கள் என்பதற்காக நாம் நஞ்சைக் கலக்கலாமா? மீன் இருக்கிறது, தவளை இருக்கிறது.

மீனா: சரி அக்கா, இப்போது என்ன செய்வது?

சாந்தி அக்கா: முதலில் எறும்பு. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புதான் அதற்குக் காவல். செடிவிட்டுச் செடி தூக்கிக்கொண்டும் போகும். தண்டைச் சுற்றி டேப் ஒட்டி அதன்மேல் வாசலின் தடவு. மோசமான கிளையை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடு, உரத்தொட்டிக்கு வேண்டாம். மீதிச் செடிக்கு இலையின் அடியில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சு. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுப் பாத்திர சோப்பு, நன்றாகக் கலக்கி அடி. சாயங்காலம் மட்டும். வெயிலில் அடித்தால் இலை கருகும், காலையில் பூவுக்குத் தேனீ வரும். வாரம் ஒருமுறை போதும்.

கணேசன்: புரிந்தது அக்கா, கொண்டு வரவில்லை. வேப்பெண்ணெய் வாங்கி வரவா?

சாந்தி அக்கா: இங்கே தேக்கா சந்தையிலேயே கிடைக்கும். மாமனாரிடம் இருப்பதை வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள், தம்பி. வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

மீனா: ஸ்பிரேயர் யாரிடம் இருக்கிறது?

ரஹ்மான் பாய்: என்னிடம். ஆறு மணிக்குக் கீழே கொண்டு வருகிறேன்.