கலைச்சொல் தேவை: ‘ட்ரெயினிங் ட்ரான்ஸ்ஃபர்’ (அவசரம்)

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். ஊழியர் பயிற்சிகளை வடிவமைப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஒரு சொல் வழிமறிக்கிறது: ‘ட்ரெயினிங் ட்ரான்ஸ்ஃபர்’. பயிற்சியில் கற்றது வேலையிடத்தில் செயலாக வெளிப்பட வேண்டும், அங்கே நிலைக்கவும் வேண்டும்; அதுதான் பொருள். வகுப்பின் கடைசியில் வைத்த தேர்வில் எல்லோரும் தேறிவிட்டு, மேசைக்குத் திரும்பியதும் பழையபடியே வேலை பார்த்தால் ட்ரான்ஸ்ஃபர் நடக்கவில்லை.

‘இடமாற்றம்’ என்று போட முடியாது. அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். பயிற்சி முடிந்ததும் வேறு கிளைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று படிப்பவர் பதறுவார். ‘பரிமாற்றம்’ இருவர் கொடுத்து வாங்குவது. அப்புறம், பாசிட்டிவ் (கற்றது உதவுவது), நெகட்டிவ் (கற்றது குறுக்கே நிற்பது), நியர் (ஒத்த வேலைக்கு), ஃபார் (வேறுபட்ட வேலைக்கு) என்ற நான்கு அடைகளையும் அந்தச் சொல் தாங்க வேண்டும்.

தமிழாசிரியர்:

தம்பி, கல்வி உளவியலில் ‘பயிற்சி மாற்றம்’ ஏற்கனவே புழங்குகிறது. எனக்கு அதில் நிறைவில்லை. வேரிலிருந்து வருவோம். முயல் – முயற்சி, பயில் – பயிற்சி. பயில் தன்வினை, பயிற்று பிறவினை. அப்படியானால் பயிற்சி என்பது கற்பவர் செய்வது. நாமோ பயிற்சி ‘அளிக்கிறோம்’. முயற்சியை ஒருவருக்கு அளிக்க முடியுமா? நிறுவனம் செய்வது பயிற்றல். ஊழியர் செய்வது பயிற்சி. கையேடு முழுவதும் இந்த வேறுபாட்டைக் காக்க வேண்டும்.

இன்னும் உள்ளே போனால் ‘பய’ என்ற அடி. தொல்காப்பிய உரியியல் ‘பயப்பே பயனாம்’ என்கிறது. பயில், பயன் இரண்டும் அந்த ஒரே அடியில் கிளைத்தவை என்பது என் துணிபு. ஆகவே ‘பயிற்சிப் பயப்பு’. அது கடினம் என்றால் வள்ளுவர் இருக்கிறார். ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக.’ நீங்கள் கேட்கும் பொருள் முழுவதும் பின்பாதியில் இருக்கிறது. ‘தகநிற்றல்’ என்று வையுங்கள்.

நிரலர்:

ஐயா, பயிலும் பயனும் ஓரடிச் சொற்கள் என்பதை ஏற்க முடியவில்லை. ‘பயில்’ பழைய பாடல்களில் நெருங்குதல், செறிதல் என்ற பொருளிலும் வருகிறதே, அங்கே விளைச்சல் எங்கே இருக்கிறது? அதை விடுங்கள். ‘பயப்பு’ என்று பார்த்தால் இன்றைய வாசகர் பயத்தோடுதான் சேர்ப்பார். ‘தகநிற்றல்’ அழகான சொல். ஆனால் அதிலேயே தகுதி வந்துவிட்டது, நெகட்டிவ் ட்ரான்ஸ்ஃபரை எப்படிச் சொல்வீர்கள்? பயிற்சித் துறையில் இருப்பவர்கள் ‘ட்ரான்ஸ்ஃபர்’ என்றுதான் பேசுகிறார்கள். அதையே எழுதிவிட்டு, முதல் இடத்தில் பொருளை விளக்கினால் போதும்.

பதிப்பாசிரியர்:

பேசுகிறார்கள் என்பதற்காக எழுதிவிட்டால் இந்தக் குழு எதற்கு? ‘ட்ரான்ஸ்ஃபர்’ என்று எழுதினாலும் ஊழியர் மனதில் வருவது அதே கிளை மாற்றம்தான். மொழிபெயர்ப்பு, புலம்பெயர்வு இரண்டும் நமக்குப் பழகியவை. ‘பயிற்சிப் பெயர்வு’ என்போம். நேர்ப்பெயர்வு, எதிர்ப்பெயர்வு, அண்மைப் பெயர்வு, சேய்மைப் பெயர்வு. இலக்கணத்தில் அண்மைச் சுட்டும் சேய்மைச் சுட்டும் படித்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். (‘பெயர்ச்சி’ மட்டும் வேண்டாம், கிரகங்கள் வந்துவிடும்.)

இன்னொரு வழியும் உண்டு. உலக வழக்கு என்கிறோமே, அந்த ‘வழக்கு’. கற்றது வேலையில் வழக்காவது, ‘பணிவழக்கு’.

நிரலர்:

பணிவழக்கு என்றால் தொழிலாளர் நீதிமன்றம்.

பயிற்சி வடிவமைப்பாளர்:

ஐயாவின் ‘பயப்பு’க்கு என் மறுப்பு வேறு. டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதத் தொடங்கிய நான்கு நிலை மதிப்பீடு இன்றும் பல நிறுவனங்களில் அளவுகோல்: எதிர்வினை, கற்றல், நடத்தை, விளைவு. ட்ரான்ஸ்ஃபர் மூன்றாம் நிலை, பயன் நான்காம் நிலை. விற்பனை ஊழியர் பயிற்சியில் கற்றபடியே வாடிக்கையாளரிடம் கேள்விகள் கேட்கிறார். பொருளில் குறை இருப்பதால் விற்பனை கூடவில்லை. கற்றது வேலைக்கு வந்துவிட்டது, பயன் வரவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் தவறு பயிற்சியிலா பொருளிலா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அடைகளையும் எடுத்துக்காட்டோடு பாருங்கள். பழைய மென்பொருளில் சேமிக்கப் பழகிய விசை புதியதில் அழிக்கும் விசையாக இருந்தால், பழகிய விரல் அங்கேதான் போகும். இது நெகட்டிவ். வகுப்பில் நிரப்பிய அதே படிவத்தை மேசையில் நிரப்புவது நியர். கோபமான வாடிக்கையாளரைச் சமாளிக்கக் கற்றவர், அதை வைத்துத் தன் குழுவுக்குள் எழும் சண்டையைத் தீர்ப்பது ஃபார். இது எளிதில் நடக்காது. இரண்டு சூழல்களுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவோ அவ்வளவே கற்றது கைகொடுக்கும் என்று உளவியலாளர்கள் தார்ன்டைக்கும் உட்வொர்த்தும் 1901-இலேயே சொன்னார்கள். அதனால்தான் கற்பனைப் படிவங்களை விட்டுவிட்டு, ஊழியர் தினமும் தொடும் படிவத்தையே வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்கிறோம்.

தமிழாசிரியர்:

அம்மா சொல்வது நன்னூல் பொதுப்பாயிரத்தில் இருக்கிறது. ‘ஆசான் உரைத்தது அமைவரக் கொளினும் காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்.’ ஆசிரியர் சொன்னதை முழுவதும் உள்வாங்கினாலும் கால் பங்குதான் நிற்கும். உடன் பயில்பவரோடு பழகிக் கற்பதில் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு விரித்துரைக்கும்போது வருகிறது. ‘அவ்வினையாளரொடு பயில்வகை ஒருகால்’ என்ற இடத்தில் பயில் என்ற சொல்லையே நன்னூல் ஆசிரியர் பவணந்தியார் ஆண்டிருப்பதைக் கவனியுங்கள். மீண்டும் என் வேருக்கே வருகிறேன், பயில் –

பயிற்சி வடிவமைப்பாளர்:

ஐயா, வேரைப் பிறகு பார்ப்போம், அந்தக் கால் பங்கு எனக்கு வேண்டும். நாங்கள் போராடுவது இதற்குத்தான். இரண்டு நாள் வகுப்பு நடத்தி, வருகைப் பதிவையும் பாராட்டுப் படிவத்தையும் வாங்கிவிட்டால் பயிற்சி முடிந்தது என்று நிர்வாகம் நினைக்கிறது. மீதி முக்கால் பங்கு வேலையிடத்தில் நடக்க வேண்டியது. ஆய்வாளர்கள் பால்ட்வின், ஃபோர்ட் இருவரும் 1988-இல் ட்ரான்ஸ்ஃபரைத் தீர்மானிப்பவை என்று மூன்றைத் தொகுத்தார்கள்: கற்பவரின் இயல்பு, பயிற்சியின் வடிவமைப்பு, பணிச்சூழல். நடைமுறையில் பழி விழுவது முதலாவதன் மேல் மட்டும்.

மேலாளர் பயிற்சிக்கு முன்பே ஊழியரோடு உட்கார்ந்து, எதற்காகப் போகிறீர்கள், திரும்பி வந்து எந்த வேலையில் இதைச் செய்து பார்ப்பீர்கள் என்று பேச வேண்டும். திரும்பிய சில நாட்களுக்குள் அந்த வேலையைக் கொடுக்க வேண்டும். முதல் தடவை மெதுவாகத்தான் செய்வார், அதைப் பொறுக்க வேண்டும். இடைவெளி விட்டு நினைவுபடுத்தும் சின்னச் சின்னக் கேள்விகள் வேண்டும். ‘அதெல்லாம் வகுப்போடு சரி, இங்கே இப்படித்தான்’ என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னால் எவ்வளவு நல்ல பாடமும் செத்துவிடும்.

ஆகவே ‘மாற்றம்’, ‘பெயர்வு’ எதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஊழியர் வகுப்பிலிருந்து பொட்டலம் கட்டி மேசைக்குத் தூக்கிவருவது போல அவை ஒலிக்கின்றன. நான் வகுப்பில் ‘வேலையில் கைவருதல்’ என்றுதான் சொல்கிறேன், எல்லோருக்கும் உடனே புரிகிறது.

பதிப்பாசிரியர்:

கைவருதல் நல்ல தமிழ், மறுக்கவில்லை. ஆனால் பயிற்சிக்கூடத்திலேயே ஒரு திறன் கைவந்துவிடலாம். வகுப்பில் கைவந்தது மேசைக்கு வந்ததா என்பதுதான் இங்கே கேள்வி. தவிரவும் ‘எதிர்க் கைவருதல்’ என்று எப்படி எழுதுவது? பெயர்வுக்கே என் வாக்கு.

நிரலர்:

‘இயல்’ இருக்க ‘அத்தியாயம்’ எதற்கு என்று அடுத்துக் கேட்பீர்கள் என்று தெரியும். சரி, ட்ரான்ஸ்ஃபரைக் கைவிடுகிறேன். பெயர்வு.

மொழிபெயர்ப்பாளர்:

நாளை கோப்பு போக வேண்டும். தலைப்பிலும் அடைகளோடு வரும் இடங்களிலும் ‘பயிற்சிப் பெயர்வு’. முதல் முறை வரும்போது ‘கற்றது வேலையில் கைவந்து நிலைப்பது’ என்று விளக்கம். கற்றதைச் செய்ய வேலையிடம் இடம்கொடுக்கிறதா என்பதைக் குறிக்கும் ‘ட்ரான்ஸ்ஃபர் க்ளைமேட்’ பெயர்வுச் சூழல். அனைவருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:

தம்பி, ஒன்று விட்டுப்போயிற்று. பெயர்வு தன்வினை, தானாக நிகழ்வது. பெயர்ப்பு பிறவினை, ஒருவர் செய்வது. மொழிபெயர்ப்பு அப்படி வந்ததுதான். மேலாளர் முன்னும் பின்னும் இவ்வளவு செய்தால்தான் நடக்கும் என்று அம்மா சொன்னது உண்மையானால் ‘பயிற்சிப் பெயர்ப்பு’ என்றல்லவா வர வேண்டும்?

பயிற்சி வடிவமைப்பாளர்:

ஐயா சொல்வது சரி. பெயர்ப்பு என்றால் நானும் ஒப்புக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:

கோப்பு போய்விட்டது. திருத்தப் பதிப்புக்காகக் குறித்துவைக்கிறேன்.