மறு: ‘ஃபீச்சரிங்’ – விருந்துக் குரலா, சிறப்புத் தோற்றமா?

வணக்கம்.

ஒருவர் பாட்டில் இன்னொரு கலைஞர் வந்து பங்கேற்பதைக் குறிக்கும் ‘ஃபீச்சரிங்’ என்பதற்கு, இசைச்செயலிகளின் தமிழாக்கத்தில் ‘சிறப்புத் தோற்றம்’ என்று போடலாம் என்கிறார்கள். அது சினிமாவில் முகம் காட்டிவிட்டுப் போவதற்கு வழங்கும் சொல். ஒரு தொகுப்பை (ஆல்பம்) எடுத்துவைத்துப் பார்ப்போம்.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டின் ஹில்டாப் ஹூட்ஸ் என்னும் ஹிப் ஹாப் குழுவில் சொல்லிசைப்பவர்கள் (ராப்) சஃபா, பிரஷர். மூன்றாமவர் டிஜே டெப்ரி. 2012இல் வந்த ‘டிரிங்கிங் ஃபிரம் தி சன்’ தொகுப்பில் சாலி டூனாவும், தி ரூட்ஸ் குழுவின் பிளாக் தாட்டும் வந்து சொல்லிசைக்கிறார்கள். அதே தொகுப்பின் ‘ஐ லவ் இட்’டில் சியா வருவதோ பாடுவதற்கு. ‘விருந்துச் சொல்லிசைஞர்’ என்றால் சியா வெளியே நின்றுவிடுவார். எனவே ‘விருந்துக் குரல்’.

* * *

> எனவே ‘விருந்துக் குரல்’.

ஐயா, ‘விருந்து’ சரி. புதிதாய் வருவதுதானே விருந்து. புதுவதாகப் புனையும் செய்யுளுக்கே தொல்காப்பியர் அந்தப் பெயரை வைத்திருக்கிறார். சோறுதான் நினைவுக்கு வரும் என்று தயங்க வேண்டாம்.

‘குரல்’தான் இடிக்கிறது. விருந்தாக வருபவர் வயலின் வாசித்தால்? ‘விருந்துக் கலைஞர்’ என்றால் எல்லாரும் அடங்குவர். ஆனால் 2007இல் ‘தி ஹார்ட் ரோட்’ தொகுப்பை அடிலெய்டு சிம்பொனி இசைக்குழுவோடு ‘ரீஸ்ட்ரங்’ என்று மறுவார்ப்புச் செய்தார்களே, அந்த இசைக்குழுவை விருந்து என்பது பொருந்தாது. அவர்களுக்கு ‘இணைக் கலைஞர்’.

* * *

இந்த வேறுபாடு பாட்டுக் கோப்பின் விவரக் குறிப்பிலும் தெரிய வேண்டும். ‘பாடல் கலைஞர்’, ‘தொகுப்புக் கலைஞர்’ என்று இரண்டு புலங்கள் உண்டு. விருந்தாளி பெயர் இரண்டாவதில் நுழைந்தால், பல செயலிகளில் அந்தப் பாட்டு மட்டும் தனித் தொகுப்பாகப் பிரிந்துவிடும். ‘தொகுப்புக் கலைஞர்’ புலத்தில் ஹில்டாப் ஹூட்ஸ் மட்டுமே இருக்கட்டும்.

விருந்தாளி சொல்லிசைக்கும் பகுதியான ‘கெஸ்ட் வெர்ஸ்’ என்பதற்கு ‘விருந்துச் சரணம்’ போதும். வழக்கமான அளவு 16 பார் (தாளச் சுற்று). ‘பார்’ என்பதை ‘ஆவர்த்தனம்’ ஆக்கிவிடாதீர்கள்: ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் 8 எண்ணிக்கை, ஹிப் ஹாப்பின் பார் 4. 16 பாருக்கு 64 எண்ணிக்கை. நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் சுமார் 43 விநாடி.

விருந்தாளி வேற்றூரிலிருந்து அனுப்பும் தனிக்குரல் பதிவை ‘வெறுங்குரல்’ எனலாம். தன் சரணம் மூன்றாம் நிமிடத்தில் வந்தாலும், கோப்பு பாட்டின் முதல் பாரிலிருந்தே தொடங்க வேண்டும். முன்னால் இருப்பது மௌனமாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் எங்கே பொருத்துவது என்று கலவைக்காரர் தடவ வேண்டியிருக்கும். 24 பிட் வேவ் கோப்பு, மாதிரி வீதம் (விநாடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற கணக்கு) இரு பக்கமும் ஒன்று. 48,000இல் பதிந்ததை மாற்றாமல் 44,100இல் ஓட்டினால் சுருதி முக்கால் கட்டை இறங்கும். அந்த 43 விநாடியும் 46க்கு மேல் இழுக்கும்.

* * *

‘விருந்துக் கலைஞர்’ எனக்கும் சம்மதம். திரையில் காட்டும் குறிக்கு ‘உடன்’ வேண்டாம். வேற்றுமை உருபு பெயரில் ஒட்டியதும் ‘பிளாக் தாட்’ ‘பிளாக் தாட்டுடன்’ ஆகிவிடுகிறது. பெயரை அப்படியே எடுத்து இணைப்புக் கொடுக்கும் நிரல் தடுமாறும். முன்னொட்டுதான் பாதுகாப்பு: ‘ஐ லவ் இட் – விருந்து: சியா’.

இன்னொன்று: பழைய இசைத்தட்டிலிருந்து சாம்பிளாக வெட்டி எடுத்த குரலுக்கு இந்தப் புலத்தை நிரப்பக் கூடாது. வந்தது பதிவு, ஆள் இல்லை. அதற்கு அனுமதி தர வேண்டியவர்களும் வேறு: பதிவின் உரிமையாளர் ஒருவர், பாட்டின் உரிமையாளர் இன்னொருவர். ‘சாம்பிள் மூலம்’ என்று தனிப் புலம் போடுங்கள்.