வால்யூம் ஸ்கேட்டரிங்: பருமச் சிதறலா, ஊடுசிதறலா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். ரேடார் தொலையுணர்வுச் சொற்பட்டியலில், ரேடார் அலை ஒரு பொருளுக்குள் புகுந்து அங்கே பலவற்றில் பட்டுச் சிதறுவதைக் குறிக்கும் 'வால்யூம் ஸ்கேட்டரிங்' என்பதற்குத் தாங்கள் முன்மொழிந்த 'பருமச் சிதறல்' எனக்கு ஏற்புடையதாக இல்லை. பருமன் என்பது கன சென்டிமீட்டரில் சொல்லும் ஓர் அளவு. இங்கே குறிக்க வேண்டியதோ சிதறல் நிகழும் இடம்.

சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக், அதன் அடிமரத்தைப் பற்றி ஏறிய மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி என அடுக்கடுக்கான அந்தத் தழைக்குள் ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 அனுப்பும் ஏறத்தாழ 5.5 செ.மீ. அலை புகுந்தால், இலையிலும் சிறு கிளையிலும் பட்டுச் சிதறி, அதில் ஒரு பகுதி தளவிளைவின் (அலை அதிரும் தளத்தின்) திசை மாறித் திரும்புகிறது. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நாசா-இஸ்ரோ ரேடார் செயற்கைக்கோளான நிசாரின் 24 செ.மீ. எல் பட்டை அலையோ இலைகளைப் பெரும்பாலும் கடந்து, பருத்த கிளைகளையும் அடிமரத்தையும் தரையையும் எட்டுகிறது. 1978-இல் ஆய்வாளர்கள் அட்டெமாவும் உலாபியும் தந்த நீர்மேக மாதிரி, தழை முழுவதையும் நீர்த்துளிகளாலான மேகமாகக் கொண்டு, அதன் சிதறலோடு, அதற்குள் புகுந்து நலிந்து வரும் தரைச் சிதறலையும் கூட்டுகிறது. மாதிரி பிரிப்பது இடத்தை வைத்துத்தான் என்பதால், மேற்பரப்புச் சிதறலுக்கு இணையாக 'ஊடுசிதறல்' என்பதே பொருந்தும். ஊடுபயிர் தெரிந்த சேலத்து மாணவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

'டபுள் பவுன்ஸ்' என்பதற்கு 'மூலைத் தெறிப்பு' வேண்டாம், 'இருதெறிப்பு' போதும். சேலம் நகரில் சுவரும் தெருவும் செங்கோணத்தில் சந்திப்பதால், இரண்டிலும் தெறித்த அலை ரேடாரை நோக்கி மீள்கிறது. ஏற்காட்டுச் சரிவிலோ மரம் நிமிர்ந்திருக்க, தரை சாய்ந்திருப்பதால், இருமுறை தெறித்த அலையின் பெரும்பங்கு வேறு திசைக்குப் போய்விடுகிறது. மூலை கெட்டாலும் தெறிப்பு இரண்டுதான்.

மறுமொழி:

அன்புடையீர்,

பருமனை விட்டுவிட இசைகிறேன். எனினும், ஊடுகதிர் (எக்ஸ்-ரே) என்ற சொல்லில் பழகியவர்கள் ஊடுசிதறலை மறுபுறம் வெளியேறும் முன்சிதறல் என்று கொள்ளக்கூடும். மரத்தழைக் கூரையைக் குறிக்கும் 'விதானச் சிதறல்' என்றால், ஈரமற்ற வெண்பனிக்குள் நிகழும் இதே சிதறல் விடுபட்டுப்போகும். ஆகவே ஊடுசிதறலே இருக்கட்டும்; சமன்பாடு வருமிடத்தில் மட்டும் ரேடாரை நோக்கித் திரும்பும் அளவைக் குறிக்க 'ஊடுசிதறலின் பின்சிதறல் கெழு' என்று முழுமையாக எழுதிவிட்டால் திசை பற்றிய ஐயம் எழாது. இருதெறிப்பு நன்று. இலங்கைப் பாடநூல்களில் தெறிப்பு என்பது ஆடியில் ஒளி பட்டு மீள்வதைக் குறிக்கும். இங்கும் இரண்டு மீள்வுகளும் அவ்வகையே ஆதலால், அங்குள்ள நண்பர்களுக்கும் அச்சொல் உறுத்தாது.