புதுப்பிப்பு: சிப்ஸ் குறையும்போது ஆல்-இன் எப்போது?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்நாட்களில் மண்டபத்தில் நாங்கள் காசில்லாமல் ஆடும் போக்கர் டோர்னமெண்டில், நல்ல சீட்டுக்குக் காத்திருந்தே என் சிப்ஸ் (பந்தய வில்லைகள்) கரைந்துபோகிறது, எப்போது ஆல்-இன் (கையிருப்பு முழுவதையும் பந்தயம் வைப்பது) போகலாம் என்று கேட்டிருந்தேன். பெரிய ஜோடி வரும்வரை பொறுக்கச் சொன்னார்கள் சிலர். தொண்டி அண்ணன் சொன்னதுதான் வேலை செய்தது: கையிருப்பைப் பிக் பிளைண்டால் (சீட்டுப் போடுமுன் இருவர் கட்டாயமாகக் கட்டும் தொகைகளில் பெரியது) வகுத்துப் பார், பத்துக்குக் கீழே என்றால் ஆல்-இன் அல்லது ஃபோல்டு (சீட்டை விட்டுவிடுவது), அதுவும் உனக்கு முன்னால் யாரும் பந்தயத்தில் இறங்காதபோது.

ஞாயிற்றுக்கிழமை பிளைண்ட் 400-800, என்னிடம் 7,200, அதாவது ஒன்பது. பட்டனில் (பிளைண்ட் கட்டிய இருவருக்குச் சற்று முன் ஆடும் இடம்) ஏஸ்-5. முன்னால் எல்லோரும் ஃபோல்டு. எல்லாவற்றையும் தள்ளினேன், பிளைண்ட் கட்டிய இருவரும் விட்டுவிட்டார்கள். சீட்டைத் திறக்காமலே 1,200 வந்தது. முன்பு இதே கையைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

எதிர்பாராதது அடுத்து நடந்தது. பிளைண்ட் 600-1,200, ஸ்மால் பிளைண்டில் (சின்னத் தொகை கட்டும் இடம்) ஜாக்-4 வைத்துத் தள்ளினேன். பிக் பிளைண்டில் இருந்தவரிடம் கட்டியது போக இன்னும் 1,200தான் மிச்சம். அவர் எப்படி விடுவார்? குயின்-9 வைத்து கால் செய்து (பந்தயத்தை ஏற்று) ஜெயித்தார். எதிராளி விடக்கூடிய நிலையில் இருந்தால்தான் மோசமான சீட்டோடு தள்ளலாம். இதை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதிவைக்கிறேன்.

அவரிடம் இருந்த அளவுதான் நான் இழந்தேன்; பிளைண்டும் போக மிஞ்சியது 4,800. அடுத்த கையே ஏஸ்-9, மறுபடி பட்டன், மறுபடி தள்ளினேன். பிக் பிளைண்ட் கிங்-குயினோடு வந்தார், என் ஏஸ் நின்றது. 10,200 ஆனது. சரி, கடைசியில் மூன்றாம் இடம்.