‘டு தி எட்ஜ்’ கேட்டு அழுதது இரக்கத்தாலா?

நள்ளிரவு_ஹீலர்:
நேற்று இன்னொரு திரியில் பழைய_பாணன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஃபைனல் ஃபேன்டசி 14 இணைய விளையாட்டை ஆடுகிறவர்கள் அதன் இசையமைப்பாளர் மசயோஷி சோகேன் இசைக்கு உருகுவதெல்லாம் அவருக்குப் புற்றுநோய் வந்த கதையைக் கேட்ட பிறகுதானாம். பாட்டுக்காக இல்லை, வெறும் இரக்கமாம்.

தேதியைப் பாருங்கள். அவருடைய ‘டு தி எட்ஜ்’ பாட்டு வந்தது விளையாட்டின் 5.3 பேட்ச்சில், அதாவது புதுப்பிப்பில், 2020 ஆகஸ்ட் 11. நோய் விஷயத்தை சோகேன் வாய் திறந்து சொன்னது 2021 மே மாதம் நடந்த ரசிகர் விழாவில். நடுவே ஒன்பது மாதம். அது ஆஸ்பத்திரியில் இருந்தபடி போட்ட பாட்டு என்று அந்த ஒன்பது மாதமும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பேட்ச் வந்த வாரமே எங்கள் குழுவில் எட்டுப் பேர் அந்தப் பாட்டு ஒலிக்கிற சண்டைக்குப் போனோம். பட்டனை விடாமல் அமுக்க வேண்டிய இடத்தில் என் கை நின்றுவிட்டது. யார் மேல் இரக்கப்பட்டு நின்றது?

பழைய_பாணன்:
நான் எழுதியதில் பாதியை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறீர்கள். பாட்டு யாருக்கும் பிடிக்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை. 2020-இல் அது பத்தோடு பதினொன்று. 2021 மேக்குப் பிறகுதான் பூஜை அறையில் வைத்தீர்கள். இந்த விளையாட்டுக்கு இசை என்று ஒன்றைக் கொடுத்தவர் நோபுவோ உஎமட்சு. 2010-இல் முதல் பதிப்பு வந்தபோது மொத்த இசையும் அவர் போட்டதுதான். 2012 நவம்பர் 11 அன்று பழைய சர்வர்களை மூடினார்கள். சந்திரன் விழுந்து உலகம் எரிகிற அந்தக் காட்சியில் அவருடைய ‘ஆன்சர்ஸ்’ பாட்டு ஒலித்தது. அன்றைக்கு உட்கார்ந்து பார்த்தவன் நான். நீங்கள் எல்லாம் அப்போது எங்கே இருந்தீர்கள்?

நள்ளிரவு_ஹீலர்:
ஒன்பது மாதத்துக்குப் பதில் வரவில்லை. உஎமட்சுவை எதற்கு இழுக்கிறீர்கள்? அவரை யாரும் குறைத்துப் பேசவில்லை. சரி, இழுத்தாயிற்று, நானும் கேட்கிறேன். உஎமட்சுவும் 2018-இல் உடம்பு முடியாமல் வேலையை நிறுத்தி ஓய்வு எடுத்தார். ‘ஆன்சர்ஸ்’ உங்களுக்குப் பிடிப்பது அந்த இரக்கத்தால்தானா? இல்லை என்றால் எங்கள் அழுகை மட்டும் எப்படி இரக்கமாகும்?

டேங்க்_மாமா:
பாணன் தம்பி, 2012-இல் உட்கார்ந்து பார்த்த கதை இருக்கட்டும். போன மாதம் ரெய்டில், எட்டுப் பேர் சேர்ந்து போகிற பெரிய சண்டையில், இரண்டாவது வைப் ஆனதும், அதாவது எல்லோரும் செத்து விழுந்ததும், ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே போனது யார்? ஏழு பேர் நாற்பது நிமிடம் காத்துக் கிடந்தோம். பாதியில் ஓடுகிற ஆள் மற்றவர்களின் பற்றைப் பற்றிப் பேசக் கூடாது.

பழைய_பாணன்:
அன்றைக்கு நெட் தாமதம், பிங், 300-க்கு மேல் போயிற்று என்று அப்போதே சொல்லிவிட்டேன் மாமா. இங்கே பேச்சு இசையைப் பற்றி.

டேங்க்_மாமா:
பிங் எனக்கும் அதேதான். நான் நின்றேன்.

ஸ்வரவரிசை:
நீங்கள் இருவரும் சண்டை போடுகிற பாட்டைப் பாடியவர் பெயரை ஒருவராவது சொன்னீர்களா? ஜேசன் சார்ல்ஸ் மில்லர். அந்தக் குரல் இல்லாவிட்டால் ஹீலரின் கை நின்றிருக்காது. ‘ஆன்சர்ஸ்’ பாடியது சூசன் கேலோவே. பாடியவர்களை விட்டுவிட்டு இசையமைப்பாளரை மட்டும் தூக்கி வைத்து ஆடுவது நம் ஊர்ப் பழக்கம், அதை இங்கேயும் கொண்டு வந்துவிட்டீர்கள்.

நள்ளிரவு_ஹீலர்:
பாடியவரை மதிக்கிறேன். ஆனால் எனக்கு விளையாட்டில் வருகிற அமாரோட் நகரத்தில் கேட்கிற இசையும் அதே அளவு வலிக்கிறது. அதில் பாட்டு வரிகளே இல்லை. கடிகாரம் துடிக்கிற ஓசைதான் மேலே நிற்கும். கடலடியில், முன்பே அழிந்துபோன மக்களின் நகரம் அது. அந்த டிக் டிக் கேட்டதும் அங்கே காலம் முடிந்துவிட்டது என்று புரிந்துவிடும். என் அப்பா இறந்த வருடம் அது. வேலை முடித்து வந்து ராத்திரியில் அந்தத் தெருக்களில் சும்மா நடப்பேன், குவெஸ்ட் என்கிற பணி எதுவும் எடுக்க மாட்டேன். அதுவும் 2019, ஷேடோபிரிங்கர்ஸ் விரிவாக்கத்தில் வந்தது. நோய்க்கும் முன்னால். 2019, பாணன்!

பழைய_பாணன்:
அப்பா விஷயத்துக்கு வருத்தம். ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், இசையோடு உங்கள் துக்கம் சேர்ந்திருக்கிறது. நானும் அதைத்தான் சொன்னேன். கதை சேர்ந்தால்தான் உங்களுக்கு இசை.

நள்ளிரவு_ஹீலர்:
நீங்கள் அதைச் சொல்லவில்லை. ‘இரக்கம்’ என்று சொன்னீர்கள். இப்போது ‘கதை’ என்று மாற்றுகிறீர்கள். என் துக்கம் என்னுடையது, சோகேன் மேல் வைத்த இரக்கம் அல்ல. சந்திரன் விழுகிற காட்சி இல்லாமல் ‘ஆன்சர்ஸ்’ உங்களை இப்படிப் பிடித்திருக்குமா? ஒன்பது மாதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

லெவல்60:
நான் யூட்யூபில்தான் ‘டு தி எட்ஜ்’ கேட்டேன், எனக்கும் அழுகை வந்தது. கதை முழுசாகத் தெரியாது. காசு கட்டாமல் ஆடுகிற ஃப்ரீ ட்ரையலில்தான் இருக்கிறேன்.

பழைய_பாணன்:
பாருங்கள், ஃப்ரீ ட்ரையலில், அந்தச் சண்டை வருகிற ஷேடோபிரிங்கர்ஸ் கிடையாது. அந்தச் சண்டையை ஆடாதவர் வந்து அழுதேன் என்கிறார். எந்த வீடியோவில் பார்த்தார்? தலைப்பிலேயே ஆஸ்பத்திரிக் கதை எழுதிய வீடியோவாகத்தான் இருக்கும்.

லெவல்60:
தலைப்பில் பாட்டின் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆஸ்பத்திரி விஷயமே இந்தத் திரியில்தான் தெரிந்தது.

நள்ளிரவு_ஹீலர்:
கேட்டீர்களா? நோயும் தெரியாது, சண்டையும் ஆடவில்லை. அழுகை வந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பழைய_பாணன்:
ஒரு ஆள் சாட்சி ஆகாது.

ஸ்வரவரிசை:
லெவல்60, ட்ரையலிலேயே ஹெவன்ஸ்வார்ட் விரிவாக்கம் இருக்கிறது. அதில் ‘டிராகன்சாங்’ கேளுங்கள். உஎமட்சு இசை, சூசன் கேலோவே குரல். வரிகளைத் தமிழில் எழுதிப் பார்த்திருக்கிறேன், வேண்டுமானால் அனுப்புகிறேன்.

டேங்க்_மாமா:
ஹெவன்ஸ்வார்ட் ட்ரையலில் சேர்ந்ததும் அதே 5.3 பேட்ச்சில்தான். நான் ஆட வந்ததே அப்போதுதான். ஆறு வருடம் முன்னாலே வந்த முதல் பதிப்பில் இருந்தேன் என்று யாரும் என்னிடம் பெருமை பேச வேண்டாம்.

பழைய_பாணன்:
இருந்ததைச் சொல்வது பெருமை இல்லை மாமா. அப்புறம், 2010-லிருந்து 2020 வரை பத்து வருடம். ஆறு இல்லை.

டேங்க்_மாமா:
கணக்குத் திருத்துகிற ஆள் நாற்பது நிமிடக் கணக்கையும் சொல்லட்டும்.

நள்ளிரவு_ஹீலர்:
மாமா, அதைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். 2017-இல் கின்னஸ் புத்தகத்தில் இந்த விளையாட்டின் பெயர் ஏறியது, 384 அசல் இசைத் துணுக்குகளுக்காக. அதில் பெரும்பகுதி சோகேன் உழைப்பு. அப்போது அவருக்கு என்ன நோய் இருந்தது பாணன்?

பழைய_பாணன்:
எண்ணிக்கையை வைத்து இசையை அளக்கிறவரிடம் நான் பேசுவதற்கில்லை. அந்த 384-இல் உஎமட்சு போட்டதும் இருக்கிறது.

நள்ளிரவு_ஹீலர்:
பேசுவதற்கில்லை என்று சொல்லிக்கொண்டே பேசுகிறீர்கள். 2020 ஆகஸ்ட். 2021 மே. ஒன்பது மாதம். ‘இரக்கம்’ என்ற சொல்லைத் திரும்ப எடுங்கள்.

பழைய_பாணன்:
எடுக்க மாட்டேன்.

டேங்க்_மாமா:
சனிக்கிழமை ரெய்டுக்கு ஹீலர் வேண்டும். பாணன் வருவதாக இருந்தால் நான் இல்லை.