புதுப்பிப்பு: புதுப் பயிற்றுநர் தம்பிமார் இருவரும் இப்போது எப்படி?

போன மாதம் புலம்பியிருந்தேனே, ஹட்டன் பக்கம் நான் பழக்கிவிடும் இரண்டு புது றக்பி பயிற்றுநர்களும் பிள்ளைகளை நிற்க வைத்துப் பேசியே பொழுதைப் போக்குகிறார்கள் என்று. நேரத்தை அளந்து காட்டுங்கள் என்று ஒருவர் சொன்னார், செய்தேன். 60 நிமிடப் பயிற்சியில் பேச்சு மட்டும் 26 நிமிடம்! போனைக் காட்டியதும் பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது, சின்னவர் மட்டும் “சேர், நான் அவ்வளவு பேசவே இல்லையே” என்று சிரித்தார்.

அடுத்த கிழமை டெக்கிள், அதாவது பந்தோடு வருபவரைப் பிடித்து விழுத்துவது, பழக்கினார்கள். முதலில் முழங்காலில் நின்று, பிறகு நடந்து, கடைசியில்தான் ஓடி. பக்கவாட்டில் பிடிக்கும்போது தலை, பந்து வைத்திருப்பவரின் பின்பக்கமாகப் போக வேண்டும், முன்னால் போனால் முழங்கால் நேரே தலையில் இடிக்கும். சின்னவர் இதை ஒரு வார்த்தையும் சொல்லாமல், ஈரப் புல்லில் தானே விழுந்து காட்டினார். அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பெரியவரிடம் இன்னும் ஒரு பிரச்சினை. தலையில் அடிபட்ட பிள்ளையை “கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வா” என்று திரும்ப இறக்கப் பார்த்தார். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், அன்றைக்கு மறுபடி விளையாட்டே கிடையாது. அதில் மட்டும் நான் குரலை உயர்த்தினேன், பிள்ளைகளுக்கு முன்னால் இல்லை, பஸ் ஹோல்ட்டில் வைத்து. இரண்டு நாள் பேசவில்லை, அப்புறம் அவரே போன் எடுத்தார்.

ஸ்க்ரம், அதாவது இரு அணியும் தோள் கோத்து நின்று தள்ளுவது, இன்னும் தொடவில்லை. மழை விடட்டும்.