புதுப்பிப்பு: குளோரினேட்டரில் செல்லை மட்டும் மாற்றிவிட்டேன்

பிரிஸ்பேன் வீட்டு உப்புநீர்க் குளத்தின் 9 வயது குளோரினேட்டர் (உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரின் உண்டாக்கும் கருவி) ‘உப்பு குறைவு’ என்று விளக்கெரிக்கிறது, அதன் செல்லை (குளோரின் உண்டாகும் தகடுகள் உள்ள பகுதி) மாற்றுவதா முழு யூனிட்டையுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். உப்பு கொட்டச் சொன்னீர்கள். நல்லவேளை, கொட்டவில்லை, சோதித்தால் 4,200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4,200 பங்கு) உப்பு, தாராளம். செல்லைக் கழற்றினால் தகடுகளுக்கிடையே சுண்ணாம்பு, வெந்நீர்ப் பானை அடியில் படிவதுபோல. பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஆசிட் கலந்த கரைசலில் (தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றி அல்ல) ஊறவைத்தேன். நுரை அடங்கியதும் குட்டு வெளிப்பட்டது: குளோரின் உண்டாக உதவும் ருத்தேனியப் பூச்சு உரிந்து, அடியிலுள்ள டைட்டானியத் தகடு திட்டுத்திட்டாகத் தெரிந்தது. மின்சாரம் சரியாகப் பாயாததைத்தான் கருவி ‘உப்பு குறைவு’ என்று காட்டியிருக்கிறது. அடிக்கடி ஆசிட்டில் கழுவிய என் கைவரிசையும் இதில் உண்டு. மின்பெட்டி சரியாக இருந்ததால் செல் மட்டும் புதிது. இப்போது குளோரின் 2 பிபிஎம்மில் நிற்கிறது.